உம்மு சல்மா மார்க் போட மறுத்த பேய்க்கதை

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகப் புரூஃப் பார்க்கிறவர் உம்மு சல்மா. எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் அவருக்குச் சோறு இறங்காது. தன் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடித்து, அத்தனை பத்திரிகையிலும் பேனாவால் வைத்தவர். மாப்பிள்ளை நாகூர் கனி அன்றைக்கே பயந்திருக்க வேண்டும். ஏனோ பயப்படவில்லை.

போன வருடம் ஊர் வாசகர் வட்டம் கதைப்போட்டி வைத்தது. காதல் வேண்டும், பேயோ ஜின்னோ ஒன்று வேண்டும், படிக்கிறவர் சிரிக்க வேண்டும், நாலு பக்கம் தாண்டக் கூடாது. செயலாளர் கனகசபாபதி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தன்னோடு சல்மாவையும் நடுவராகப் போட்டார். வந்தவை ஏழு கதைகள். பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும் போட்டிருந்தார்கள்.

ஆறு கதைகளில் பேய்கள் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதன. "சிரிக்கச் சொன்னா ஒப்பாரி வைக்கிறாக" என்று சல்மா மார்க்கைக் குறைத்தார்.

ஏழாவது வேறு மாதிரி. எலக்ட்ரிக் கடைக்காரர் ஒருவர் மேல் ஒரு பெண் பேய்க்குப் பிரியம். தினமும் மத்தியானம் வந்து, கடை போர்டில் உள்ள பிழையைத் திருத்தி, அவரைத் திட்டிவிட்டுப் போகும். அது வர வேண்டும் என்பதற்காகவே அவர் தினமும் ஒரு தப்பு எழுதிவைப்பார்.

சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"கதை நல்லாருக்கு சார். ஆனா இந்தப் பேய்க்கு இம்புட்டு வாய் ஆகாது. எவன் கட்டி மேய்ப்பான்?" என்றார் சல்மா.

கனகசபாபதி அழுக்கே இல்லாத கண்ணாடியைத் துடைத்தார். "அப்படியாம்மா? எனக்கு எங்கனயோ பாத்த பேய் மாதிரி இருக்கு."

சல்மா அதைக் காதில் வாங்காமல் சிவப்புப் பேனாவோடு மூன்றாம் பக்கத்துக்குப் போனார். அங்கே 'மின்விசிரி' என்றிருந்தது. வட்டம் போட்டார். அடுத்த வரியிலும் அதே 'மின்விசிரி'. பேனா நின்றுவிட்டது. விசிறியைத் தப்பாக எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். விசிறி விற்றுப் பிழைத்துக்கொண்டே தப்பாக எழுதுகிறவர் அவருக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரைத்தான் சல்மா கட்டியிருந்தார்.

"சார், இதுக்கு நான் மார்க் போட மாட்டேன். நீங்களே போடுங்க."

"எனக்கு மொதப் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சும்மா."

வீட்டில் நாகூர் கனி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பேய்க்கதை எழுதுனீகளா?"

"யாரு, நானா?" டீ புரையேறியது.

அவர் தலையில் தட்டிவிட்டுக்கொண்டே சல்மா கேட்டார்: "எழுதுங்க, வேணாங்கல. என்னைய எதுக்குக் கொன்னீக?"

"உசுரோட இருக்குற பொண்டாட்டி மேல இருவத்தாறு வருசமா ஆசையா இருக்கேன்னு எழுதுனா எவன் நம்புவான் சல்மா? அதான் பேயாக்கிட்டேன்."

சல்மா அடுப்படிக்குப் போய் இன்னொரு டீ போட்டுக்கொண்டு வந்தார்.

கதைக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. விழாவில் நாகூர் கனியை மேடையேற்றிப் படிக்கச் சொன்னார்கள். பேய் திட்டும் இடம் வரும்போதெல்லாம் கூட்டம் சல்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. சல்மா கூரையைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் நாகூர் கனிக்கு வரி தவறியது. முன்வரிசையிலிருந்து அந்த வரியை எடுத்துக் கொடுத்தவர் உம்மு சல்மா. அதற்குள் நாலு பக்கமும் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது.