என் மகள் போனை எடுக்காத காரணம்

என் கடைசி மகள் எஸ்தரை ஊரெல்லாம் திருடி என்று பேச வைத்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சபையில் ஆராதனை நேரத்தில் எழுந்து சாட்சி சொல்லக் கூச்சம். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். ஐந்தாவதுவரை படித்தவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்தர் இன்ஜினியரிங் படிக்க பேங்கில் கல்விக்கடன் வாங்கினோம். படித்தாள், வேலை கிடைக்கவில்லை. திருத்தங்கல் பக்கம் நான் போகிற பட்டாசுக் கம்பெனிக்கே வந்துவிட்டாள். கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டுதான் இருந்தோம். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள், எல்லாம் தள்ளுபடி ஆகப்போகிறது, இனிமேல் கட்டுகிறவன் ஏமாளி என்றார்கள். நம்பி நிறுத்தினோம். தள்ளுபடி வரவில்லை, வட்டிதான் ஏறியது. வாக்குக் கொடுத்தவர்கள் அப்புறம் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை.

பேங்க் வசூலுக்கு ஒரு ஆளை விட்டது. அவன் பகலில் போன் போடுவான். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, ஒரு பொறி போதும். வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். அது தெரியாமல், இவள் வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் போன் போட்டு, கடன்காரி ஒளிந்துகொண்டாள், திருடி என்றான்.

நம் சபையிலேயே ஒரு அக்கா, "நாங்க நகைய வித்துக் கடனக் கட்டுனோம், உங்கள மட்டும் எதுக்குச் சும்மா விடணும்?" என்று கேட்டார்கள். நியாயம்தான். ஆனால் எஸ்தரை வைத்துக்கொண்டே கேட்டார்கள். அவள் சாப்பாட்டை விட்டாள். "செத்துப்போனா தள்ளுபடி ஆயிருமாம்மா?" என்றாள். நான் உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஆண்டவரே, என் பிள்ளையை உயிரோடு வையும். வேறு ஜெபம் வரவில்லை.

தீபாவளி சீசன். லோடு லாரிக்கு கேட்டைத் திறந்தபோது அந்த வசூல் ஆள் உள்ளே நுழைந்துவிட்டான். கையில் போன். வீடியோ எடுத்துக்கொண்டே, எஸ்தர் குழாய்களில் வெடிமருந்து செலுத்துகிற ரூமைப் பார்த்து நடந்தான். நான் சத்தமாகப் பேசியறியாதவள். அன்று, எல்லாரும் வெளியே ஓடுங்கள் என்று கத்தினேன். அந்தக் குரல் கர்த்தர் கொடுத்தது. உள்ளே வேலை பார்த்த பெண்கள் பின்வழியாக ஓடினார்கள். நான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் கேட்டுக்கு வெளியே விட்டேன்.

"ஏலே, உள்ள இருக்கிறது அம்புட்டும் மருந்து. எம்மவ போன எடுக்காதது இதுக்குத்தாம்லே. நீயும் சேந்து கரியாயிருப்ப. உன்னைப் பெத்தவளுக்கு யாரு பதில் சொல்றது?"

"சத்தியமா தெரியாதும்மா" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"மதினி, இம்புட்டுத் தொண்டைய எங்கன வச்சிருந்தீக?" என்றாள் கூட வேலை பார்க்கிற ஒருத்தி. நடுக்கத்திலும் எல்லாரும் சிரித்தார்கள். எஸ்தரும் சிரித்தாள்.

ஆனால் ஒருத்தியும் உள்ளே போகவில்லை. இதற்கு ஒரு முடிவு வேண்டும் என்று நின்றார்கள். முதலாளியே எங்களை பேங்குக்குக் கூட்டிப்போனார். நடந்ததைக் கேட்ட மேனேஜர் ஆள் அனுப்புவதை நிறுத்தினார். அபராத வட்டியை எடுத்துவிட்டு, மாதாமாதம் முடிந்ததைக் கட்டச் சொன்னார். சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டு, அன்று அப்படிக் கேட்ட அக்கா சோறும் குழம்பும் கொண்டுவந்து, "கட்டுறது இருக்கட்டும், மொதல்ல சாப்பிடு தாயி" என்று எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சாப்பிட்டாள்.

கடன் இன்னும் இருக்கிறது. தள்ளுபடி சரியா தப்பா என்று டிவியில் சட்டை கசங்காமல் பேசுகிறார்கள். பேசட்டும். பொய் வாக்குக் கொடுத்தவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதையும் ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன். என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள், அவருக்கே ஸ்தோத்திரம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், கோபம் அடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தோடேயே முழங்கால் போட்டு ஜெபியுங்கள். அவர் கேட்கிறார்.