அம்மா கொட்டிய முதல் கூடை

எங்கள் அம்மா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓர் ஆண்டு. காலையில் படையல் போட்டுக் கும்பிட்ட பிறகு இந்தச் சிறு நினைவு மலரை உங்கள் கையில் கொடுத்திருக்கிறோம். எனக்கு நாலு பேர் முன்னால் நின்று பேச வராது. படிப்பும் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. "கடைசி வரைக்கும் அம்மாகூட இருந்தவ நீதான். நீ எழுதினாதான் சரியா இருக்கும்" என்று அண்ணன் சொன்னதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சாலையைப் பற்றித்தான் எழுத வருகிறது. நம் ஊர் வழியாகப் போகும் இந்தச் சாலையை எல்லோரும் தினமும் பார்க்கிறோம். புதுச்சேரியில் கடலை ஒட்டிக் கிளம்பி, திண்டிவனம், செஞ்சி, கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலை, செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று போய்ப் பெங்களூரில் முடிகிறது. முன்பு மைல்கல்லில் நெடுஞ்சாலை எண் 66 என்று எழுதியிருந்தது. இப்போது திண்டிவனத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் 77 என்று எழுதியிருக்கிறது. எண் மாறினாலும் வழி அதேதான். பள்ளிக்கூடத்தில் படித்தபோது, புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக்காரர்கள் நம் செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க வந்தார்கள் என்று வாத்தியார் சொன்னார். எந்த வழியாக வந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கோட்டை மதிலின் நடுவே இன்றைக்கும் பஸ் புகுந்து போகிறது. அந்த இடத்தைக் கடக்கும்போது இப்போதும் மதிலை நிமிர்ந்து பார்ப்பேன்.

அம்மா பிறந்தது சிங்காரப்பேட்டைக்குப் பக்கத்தில். சாலை அங்கே இரண்டு பக்கமும் மலை நெருக்க, கணவாய்க்குள் நுழைந்து செங்கம் பக்கம் இறங்கும். அம்மாவைப் பெற்றவர்களும் சாலை வேலைக்காரர்கள். சொந்த நிலம் கிடையாது. அம்மாவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஜல்லிக்கூடைதான் தலையில். அது ஒற்றை வண்டி போகும் தார்ச் சாலையாக இருந்த காலம். அதை அகலமாக்கும் வேலைக்கு ஒரு மேஸ்திரி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மேற்கிலிருந்து கிழக்கே வந்தார். கூட்டம் வேலை முடிந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்தில் கொட்டகை போடும். அப்படியே கணவாய் தாண்டி, செங்கம் தாண்டி, திருவண்ணாமலை மலையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு மாதக்கணக்காக வேலை செய்து வந்தார்கள். ஆண்கள் டிரம்மில் தார் காய்ச்சுவார்கள். பெண்கள் காலில் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஜல்லி சுமப்பார்கள். எங்கள் நைனா தார் காய்ச்சியவர். அந்தப் புகைக்குள்தான் இருவருக்கும் கல்யாணப் பேச்சு நடந்ததாம்.

பெரியவர்களான பிறகும் நாங்கள் பஸ்ஸில் போனால் நைனா அம்மாவைக் கிண்டல் செய்வார்.

"நீ போட்ட ரோட்டுல நீயே டிக்கெட் எடுத்துப் போற. கண்டக்டர்கிட்ட சொல்லிப் பாரு, விட்டாலும் விடுவான்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கித் தூக்கிப் போட்டால் அம்மா உடனே பதில் சொல்வார்.

"இது நாங்க போட்டது இல்ல. எங்களுக்கு அப்புறம் வந்தவனுங்க போட்டது."

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் வேலை தொடங்கும்போது முதல் கூடையை ஒரு பெண்தான் கொட்ட வேண்டும். கூடைக்குக் குங்குமம் வைத்து, கிழக்கே பார்த்துக் கொட்டி, "போறவங்க நல்லபடியா வரணும்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கூடையைத் தூக்குவார்கள். அம்மாவுக்குக் கைராசி என்று மேஸ்திரி நம்பினார். கல்யாணமான நாளிலிருந்து அம்மாதான் முதல் கூடை கொட்டி வந்தார்.

உறவினர்களில் சிலருக்கு இப்போது சொல்லப்போவது தெரியும். பலருக்குத் தெரியாது. எங்கள் அண்ணனை அம்மா கடைசிவரை "சின்னவன்" என்றுதான் கூப்பிட்டார். பெரியவன் எங்கே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். பெரியவன் எங்கள் இருவருக்கும் மூத்தவர். கீழ்பென்னாத்தூருக்கும் செஞ்சிக்கும் நடுவே, ஓர் ஏரியின் ஓரமாகக் கூட்டம் தங்கியிருந்தபோது, கைக்குழந்தையாகக் காய்ச்சலில் போய்விட்டார். விடாத மழை. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கிடைக்கவில்லை. எந்தப் புளியமரத்தில் தூளி கட்டியிருந்தார்களோ, அந்த மரத்தடியிலேயே சாலைக்கு வெளிப்பக்கமாகக் குழந்தையைப் புதைத்தார்கள்.

வேலை நிற்கவில்லை. கோட்டை மதில் பக்கம் வந்து அடுத்த இடத்தைத் தொடங்கியபோது, மேஸ்திரி முதல் கூடையை வேறொரு பெண்ணிடம் கொடுத்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் கையால் கொட்டக் கூடாது என்பதும் வழக்கம்தான். யாரும் அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவும் ஒதுங்கி நின்றுகொண்டார். செஞ்சி வேலை முடிந்து கூட்டம் திண்டிவனம் பக்கம் கிளம்பியபோது, அம்மா மூட்டை கட்டவில்லை.

"ஏம்மா, புள்ள போன இடத்துலயே குந்திக்கினு இருந்தா புள்ள வந்துடுமா?" என்றாராம் மேஸ்திரி.

"வராது மேஸ்திரி. நான் போயிட்டா அவன் தனியா இருப்பான்."

மேஸ்திரி நைனாவைப் பார்த்திருக்கிறார். நைனா தன் மூட்டையை லாரியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். "அவ இல்லாம நான் தார் காய்ச்சி யாருக்கு ரோடு போடறது? நீங்க போங்க" என்றார்.

நாங்கள் செஞ்சிக்காரர்கள் ஆனது இப்படித்தான். எங்களுக்கு இங்கே பங்காளி இல்லை, குலதெய்வம் இல்லை, பூர்வீக வீடு இல்லை. சாலையில் வந்தவர்கள் பாதியில் இறங்கிவிட்டோம். அம்மா நடவுக்குப் போனார், மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போனார், அரிசி மில்லில் நெல் காய வைத்தார். நைனா மூட்டை தூக்கினார். எங்களைப் பசியோடு படுக்க விட்டது இல்லை. அண்ணனைப் படிக்கவைத்துப் பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அதே சாலையில் பஸ் ஏற்றித்தான் அனுப்பினார்கள். நைனா காலமான பிறகு அம்மா என்னோடு இருந்தார்.

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் சாலை தெரியும். பௌர்ணமி வந்தால் கூட்டமெல்லாம் மேற்கே திருவண்ணாமலைக்குப் போகும். அமாவாசை வந்தால் செஞ்சியில் இறங்கி வடக்கே மேல்மலையனூருக்குத் திரும்பும். அம்மா காலண்டர் பார்க்க மாட்டார். பஸ்ஸில் இருக்கும் கூட்டத்தைப் பார்த்தே "நாளைக்குக் கிருத்திகை இல்ல, பௌர்ணமி" என்பார். கர்நாடகா லாரி, புதுச்சேரி கார், ஆந்திரா டிராக்டர், மஞ்சள் துணி கட்டி நடந்துபோகும் ஜனம். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்பார். இத்தனை பெரிய சாலையின் ஒரு பாகம் இந்த ஒல்லியான மனுஷியின் தலையிலிருந்து இறங்கியது என்று நினைத்தால் நானும் போய் அவர் பக்கத்தில் நின்றுகொள்வேன்.

பிறகு சாலையை இன்னும் அகலப்படுத்தும் வேலை வந்தது. பல வருஷம் இழுத்தது உங்களுக்கே தெரியும். ஒருநாள் திருவண்ணாமலை போகும்போது, ஓரத்து மரங்களில் வெட்டுவதற்காக வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டிருந்தார்கள். ஏரிக்கரை வந்ததும் அம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். பெரியவன் மரத்திலும் எண் இருந்தது. அன்று கோயிலில் அம்மா சாமி கும்பிடவில்லை. தூணில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "எலும்பு ஏதாவது இருந்தா எடுத்துட்டு வந்து செஞ்சி சுடுகாட்டுல வச்சிடலாம். ரோட்டுக்கு அடியில போட்டு லாரி ஏத்தக் கூடாது. நான் லீவு போட்டு வரேன்" என்றான். அவன் கிளம்புவதற்குள் மரம் அறுக்கும் வேலை கீழ்பென்னாத்தூரை நெருங்கிவிட்டது. அம்மாவும் நானும் பஸ் ஏறிப் போனோம்.

அங்கே ஒரு சூப்பர்வைசர் இருந்தார். தருமபுரிப் பக்கத்துப் பிள்ளை. அம்மா அவரிடம் குழந்தையைப் பற்றிச் சொல்லவில்லை. வேலையைப் பற்றிக் கேட்டார்.

"தம்பி, இந்த எடத்துல பள்ளம் எடுப்பீங்களா, மேடு கட்டுவீங்களா?"

"மேடுதாம்மா. ஏரி ஓரம் தாழ்வா இருக்குது. மண்ணு கொட்டித்தான் ஒசத்தணும். இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

அம்மா மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"மரத்தை அறுத்துதான் ஆகணும்மா, அது எங்க கையில இல்ல. ஆனா அடிக்கட்டையத் தோண்டாம விட்டு, அதுமேல மண்ணு போடச் சொல்றேன். உள்ள யாரும் தொட மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. அம்மா மரத்தடியில் உட்கார்ந்தார். வேர் மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். பிறகு எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"வேணாம் தம்பி. கட்டையத் தோண்டி எடுத்துடு."

"அம்மா, அவரே விடறேன்னு சொல்றாரு" என்றேன்.

"விட்டா மக்கும்டி. மக்கினா ரோடு உள்வாங்கும். மழ பெஞ்சு பள்ளம் உழுந்தா வர வண்டிக்கு இன்னா தெரியும்? எவ புள்ளயோ அதுல வரும்."

சூப்பர்வைசர் தலையாட்டினார். அவருக்கும் அது தெரிந்ததுதான். எங்களுக்காகத்தான் விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் அண்ணனும் வந்துவிட்டான். அதற்குள் மரத்தை அறுத்துவிட்டிருந்தார்கள். நாங்கள் பார்க்க, ஜேசிபி அடிக்கட்டையைப் புரட்டி எடுத்தது. பெரிய குழி. அம்மா ஓரத்தில் உட்கார்ந்து குனிந்து பார்த்தார். அண்ணன் குழியில் இறங்கி, கையாலேயே மண்ணைத் தள்ளித் தள்ளித் தேடினான். வேர்தான் இருந்தது. அம்மா ஒரு கை மண்ணை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார்.

"ஏறி வாடா சின்னவனே. மண்ணாயிட்டான். நல்ல மண்ணு."

குழியை நிரப்பக் கிராவல் மண் கொட்டியிருந்தது. அதை அள்ளிப் போட, ஆந்திராவிலிருந்து வந்த பெண்கள் கூடைக்குப் பதில் இரும்புப் பாண்டுச் சட்டியோடு நின்றார்கள். அவர்களில் ஒருத்தியின் குழந்தை, தண்ணீர் டேங்கர் நிழலில் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குத் தன் ஊர்ப்பக்கத்துத் தெலுங்கு கொஞ்சம் தெரியும். அந்தப் பெண் என்ன என்று கேட்க, அம்மா சொன்னார். உடனே அவள் தன் பாண்டில் கிராவலை நிரப்பி அம்மாவிடம் நீட்டினாள். அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் முதல் கூடை கொட்டக் கூடாது என்ற வழக்கத்தைச் சொன்னார்.

அதற்கு அவள் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். அம்மாவின் முகம் மாறியது. அன்று மாலை பஸ்ஸில்தான் எங்களுக்கு அதைச் சொன்னார். "எங்க கூட்டத்துல புள்ள போவாத பொம்பள யாரு இருக்கா? அப்படிப் பாத்தா நாங்க எந்த ஊர்லயும் ரோடே போட முடியாது" என்று சொன்னாளாம்.

அம்மா முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக்கொண்டார். அண்ணன் பிடிக்க வந்தான். "தள்ளுடா" என்றார். பாண்டைத் தலையில் ஏற்றி, குழி விளிம்புக்குப் போய், கிழக்கே திரும்பி நின்றார். கழுத்து ஆடவில்லை. எழுபது வயதைத் தாண்டிய உடம்பு, அந்தச் சுமை ஏறியதும் நிமிர்ந்துகொண்டது. ஒரே வீச்சில் கொட்டினார்.

"போறவங்க நல்லபடியா வரணும்."

அதற்குப் பிறகு மற்ற பெண்கள் கொட்டினார்கள். குழி நிரம்பி, தண்ணீர் விட்டு, ரோலர் ஏறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மா மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். ரோலர் நின்றதும் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

"இன்னொரு தபா ஓட்டச் சொல்லு தம்பி. ஓரம் இன்னும் இறுகல."

அவர் ஓட்டச் சொன்னார்.

வரும் வழியில் அம்மா எங்களுக்கு அடையாளம் சொல்லிக்கொடுத்தார். மரம் இனி இருக்காது. ஏரி மதகுக்கு நேராகச் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சி எந்த இடத்தில் தெரிகிறதோ, அதுதான் இடம். அதன் பிறகு அம்மா அந்தச் சாலையைப் பற்றிக் கவலையாகப் பேசி நான் கேட்டது இல்லை. பஸ் அங்கே குலுங்காமல் போனால், என் கையை லேசாகத் தட்டுவார்.

கடைசி மாதங்களில் அம்மாவுக்கு எழுந்து வாசலுக்கு வர முடியவில்லை. கட்டிலில் படுத்தபடியே வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு காலை நேரத்தில் கஞ்சி குடித்துவிட்டு, "சின்னவன் கெளம்பிட்டானா?" என்று கேட்டார். கிளம்பிவிட்டான் என்றேன். அவன் ஊத்தங்கரை தாண்டும்போது அம்மாவின் உயிர் பிரிந்தது.

அஸ்தியைப் புதுச்சேரிக் கடலில் கரைப்பதாக முடிவு செய்தோம். வேனில் ஏறியதும் அண்ணன் டிரைவரிடம், முதலில் மேற்கே ஒரு இடத்துக்குப் போய்விட்டு வரலாம் என்றான். ஏரிக்கரையில் இறங்கினோம். எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி கருப்புச் சாலை. மதகையும் மலையுச்சியையும் பார்த்துப் பார்த்து நடந்து, ஓர் இடத்தில் இரண்டும் நேராக வர நின்றோம். நைனா போன பிறகு எங்கள் வீட்டில் மூத்த ஆணாக எல்லாக் காரியத்தையும் செய்தவன் எங்கள் அண்ணன். தலை நரைத்துவிட்டது. அஸ்திக் கலசத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தார் மேல் குனிந்து, என் வாழ்நாளில் அவன் வாயிலிருந்து நான் கேட்டிராத வார்த்தையைச் சொன்னான்.

"அண்ணா, அம்மா வந்திருக்காங்க."

பிறகு வேனில் ஏறிக் கடலுக்குப் போனோம்.

அம்மாவைக் குளிப்பாட்டவும் தூக்கவும் கூட நின்ற தெருக்காரர்களுக்கும், வேன் டிரைவருக்கும், சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கும், அன்று ஹெல்மெட்டைக் கழற்றி நின்ற தம்பிக்கும், பெயர் கேட்காமல் விட்டுவிட்ட அந்த ஆந்திராப் பெண்ணுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெங்களூர், ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் உறவினர்களே, நீங்கள் எல்லோரும் எங்கள் பெரியவரைத் தாண்டித்தான் வந்தீர்கள். திரும்பும்போதும் தாண்டித்தான் போவீர்கள். அங்கே வண்டி குலுங்காது. நல்லபடியாக வீடு போய்ச் சேருங்கள்.