வாட்ச்காரர் கொடுத்த தண்ணீர்

வாட்ச்காரர் எதற்கும் அவசரப்படாத மனிதர். கடைத்தெரு முனையில் ஒரே ஆள் உட்காரக்கூடிய கடை. கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு குனிந்தால், வந்தவர் இருமினாலும் நிமிரமாட்டார். மனைவி இறந்த மறுவாரமே கடையைத் திறந்தார். கல்நெஞ்சன் என்றார்கள். பக்கவாதத்தில் விழுந்த நண்பருக்கு மாலைதோறும் வந்து ஊட்டத் தொடங்கியதும், அதே வாய்கள் தங்கமான மனுஷன் என்றன.

நண்பர் அச்சகம் நடத்தியவர். பேச்சு போய்விட்டது, வலப்பக்கம் அசையாது. அவரைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்திருந்தார்கள். வந்தவுடனே அவர் மகளிடம் சொல்லிவிட்டேன்: வெறும் தண்ணீர் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். மாவு கலந்து கெட்டியாக்கி, தாடையைத் தாழ்த்தி, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும்.

வாட்ச்காரர் என்னைவிடப் பொறுமையாக ஊட்டினார். ஆனால் படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நோயாளியின் இடக்கை கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

"மாமா வந்தா அப்பாவுக்கு அவ்ளோ சந்தோஷம்மா" என்றாள் மகள்.

சந்தோஷத்தில் யாருக்கும் உள்ளங்கை அப்படி வேர்க்காது.

ஒரு மாலை, துவைத்த துணியோடு வந்தவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டேன். வாட்ச்காரர் நண்பரின் தாடையை நிமிர்த்திப் பிடித்திருந்தார். உதட்டருகே டம்ளர். வெறும் தண்ணீர்.

"என் பொண்டாட்டி சாகும்போது உன் பேரைத்தான்டா சொன்னா. என் கையால தண்ணி குடிச்சுட்டு உன்னைக் கேட்டா. இத்தனை வருஷம் என் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சியே, ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா? இப்ப சொல்லேன் பாப்போம்."

டம்ளரைச் சற்றே சரித்தார். நோயாளிக்குப் புரையேறி முகம் நீலம் பாரித்தது. லென்ஸ் வழியே பார்க்கும் அதே பார்வையோடு வாட்ச்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பாய்ந்துபோய் நோயாளியை முன்னால் சாய்த்து முதுகில் தட்டினேன். மூச்சு திரும்பியது.

"இனிமே இந்தப் படி ஏறாதீங்க."

"நான் வரலைன்னா அவன் சாப்பிட மாட்டான். வேணும்னா பாருங்கம்மா." டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மாமாவா? போங்கம்மா, மொதல்ல உங்க கண்ணை டெஸ்ட் பண்ணுங்க" என்றாள்.

மறுநாள் நோயாளி என் கரண்டிக்கு வாய் திறக்கவில்லை. மகள் கெஞ்சினாள், அழுதாள், அதற்கும் திறக்கவில்லை. கடைசியில் அவளே போய் வாட்ச்காரரை அழைத்து வந்தாள்.

செருப்புச் சத்தம் படியேறியது. இடக்கை கம்பியைப் பிடித்தது, கட்டிலே நடுங்கியது. அப்படி நடுங்கிக்கொண்டே, யாரும் தொடாமல், நோயாளி தாடையைத் தானே நிமிர்த்தி வாயைத் திறந்தார்.

நான் கட்டிலுக்கு மறுபக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தத் தாடையைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வாட்ச்காரர் என்னைப் பார்த்துவிட்டு, கெட்டிக் கஞ்சியில் கரண்டியை விட்டார்.

அவருக்குத்தான் அவசரமே கிடையாதே.