குதிரைக்கு அடியில்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், என் அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்த காலத்தில், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு முதியவரைப் பகலில் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. பதினோராம் மாடி. அவர் மதராஸ்காரர், வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்தியக் குதிரைப்படை அதிகாரியாக இருந்தவர். எல்லைப்புறச் சண்டையொன்றில் கிடைத்த வீரப்பதக்கம் கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

ஒரு மார்கழியில் வெறும் செருப்போடு இறங்கிப் போய்ப் பனிக்குள் வழிதவறியிருக்கிறார். அதிலிருந்து அவருடைய மகள் கதவுக்கு வெளிப்பக்கம் இன்னொரு பூட்டுப் போட்டிருந்தாள். காலையில் எங்கள் இருவரையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனால் மாலையில்தான் திரும்புவாள்.

"உங்களை நம்பாம இல்லை. அப்பா உங்களையும் ஏமாத்திட்டுப் போயிடுவார்" என்றாள். நான் தலையாட்டிவிட்டு உள்ளே போனேன். அந்த வேலையையும் விட்டால் எனக்குப் போக்கிடமில்லை.

அவர் நாளுக்கு நாலைந்து தடவை கதவின் கைபிடியைத் திருகிப் பார்ப்பார். பிறகு ஜன்னலடியில் முதுகு சாயாமல் உட்கார்ந்துவிடுவார்.

ஒரு மத்தியானம் கட்டடத்தின் நெருப்பு அலாரம் அடித்தது. கதவிடுக்கால் புகை மணந்தது. நான் கதவில் அடித்துக் கத்தினேன். நடைவழியில் ஓடிய காலடிகள் நிற்கவில்லை. அவசர எண்ணைக் கூப்பிட்டு, பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறோம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் துவாயை நனைத்துக் கதவின் கீழே அடைத்தார். "உட்காரும்மா. கத்தினா மூச்சுதான் போகும்."

"உங்களுக்குப் பயமில்லையோ ஐயா? நீங்கள் பதக்கம் வாங்கின ஆள்."

"அதுவா? என் குதிரையைச் சுட்டுட்டாங்க. அது என் கால் மேல விழுந்துடுச்சு. காலையிலேருந்து உச்சி வெயில் வரைக்கும் அதுக்கு அடியிலேயே கிடந்தேன். கிட்ட வந்தவனையெல்லாம் சுட்டேன். அதுக்குள்ள மத்தவங்க தப்பிச்சுட்டாங்க. இடத்தை விட்டு நகரலைன்னு பதக்கம் கொடுத்தாங்க. நகர முடியலைம்மா. கால் வெளியே வந்திருந்தா நானும் ஓடியிருப்பேன்."

"இதை மகளுக்குச் சொன்னனீங்களோ?"

"யாரும் கேட்கலை."

என் கையைப் பிடித்தார். பூட்டு உடையும் வரை விடவில்லை.

தீயணைப்புக்காரர்கள் பூட்டை உடைத்துத் திறந்தார்கள். ஒன்பதாம் மாடியில் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை எரிந்திருந்தது. மாலையில் மகள் உடைந்த கதவுநிலையைத் தடவியபடி அழுதாள்.

"அக்கா, இனிப் பூட்டினால் நான் வரமாட்டன்" என்றேன். அதைச் சொன்னது நான்தானா என்று இருந்தது. மறுநாள் காலை, வெளிப்பூட்டை மறுபடி போடாமல், எனக்கு வீட்டுச் சாவியொன்று தந்தாள்.

அவள் போனதும் கதவைத் திறந்து வைத்து, "வாங்கோ ஐயா, கீழே போவம்" என்றேன். சப்பாத்து மாட்டிக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் வந்தார். அதன் கதவு விலகியதும் உள்ளே பார்த்தார், ஓரடி பின்வாங்கினார். "வேண்டாம்மா, இதுவும் மூடிக்கும்" என்று திரும்பிவிட்டார். படியிறங்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

அன்று நடைவழியின் கோடியில் இரண்டு கதிரைகளைக் கொண்டுவந்து போட்டேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் போவோர் வருவோரைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.