லாக்கோ கோத்த மணிகள்

கானா நாட்டுக் கொஃபோரிடுவாவில் வியாழக்கிழமை பாசிமணிச் சந்தை. விடிகிற நேரத்தில் ஒடுமாசேயிலிருந்து புறப்படும் வேனில் முன் சீட்டு லாக்கோவுக்குத்தான் என்பது பதினாறு வருடமாக யாரும் எழுதி வைக்காத சட்டம். மடியில் ஒரு மூட்டை, காலடியில் ஒரு மூட்டை, வாயில் ஓயாத பேச்சு. டிரைவர் ரேடியோவையே போடுவதில்லை.

அவள் தம்பி டெய்யே ஒடுமாசேயில் மணி சுடுகிறவன். பழைய பாட்டில்களை இடித்துத் தூளாக்கி, களிமண் அச்சுக் குழிகளில் நிரப்பி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மரவள்ளி இலைக் காம்பைக் குத்திச் சூளைக்குள் தள்ளுவான். காம்பு எரிந்துபோன இடம் மணிக்குத் துளையாகும். புருஷன் தவறிப்போய், மூன்று வயது மகளோடு லாக்கோ பிறந்த வீட்டு வாசலில் வந்து நின்றபோது, டெய்யே ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு கூடை மணியை எடுத்து அவள் முன்னால் வைத்து, "கோத்து வித்துப் பாரு" என்றான். அந்தக் கூடைதான் இன்றுவரை சோறு போடுகிறது என்று லாக்கோ வேனில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் சொல்வாள். மகள் மாக்கு இப்போது நர்சிங் படிக்கிறாள் என்பதையும் சேர்த்துச் சொல்வாள். கேட்டவர்களுக்கும் சொல்வாள், கேட்காதவர்களுக்கும் சொல்வாள்.

ஆனால் ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. போன மழைக்காலத்திலிருந்து அவள் கண்ணில் படலம் இறங்கிக்கொண்டிருந்தது. மனிதர்கள் தெரிந்தார்கள், முகம் தெரியவில்லை. மணி தெரிந்தது, நிறம் தெரியவில்லை. வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தது. நீலமும் கறுப்பும் ஒன்றாகிவிட்டன. நிறம் தெரியாதவளிடம் யார் மணி வாங்குவார்கள்? செய்தி சந்தையில் பரவினால் இருக்கிற பெயரும் போகும், மகள் படிப்பும் போகும். மகளிடம் சொல்லலாம் என்றால், அவள் படிப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், கத்தி வைத்ததில் இருந்த பார்வையும் போன ஒருவரைப் பற்றி எங்கேயோ கேட்டிருந்தாள். யார், எந்த ஊர் என்று தெரியாது. பயத்துக்கு அதெல்லாம் தேவையா என்ன?

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். மேஜைமேல் கிண்ணங்களை எப்போதும் ஒரே வரிசையில் வைப்பாள். இடக்கை ஓரம் வெள்ளை, அடுத்தது நீலம், பிறகு பச்சை, சிவப்பு, கடைசியில் கறுப்பு. கண் செய்த வேலையைக் கை செய்தது. எப்போதாவது ஒரு மணி கிண்ணம் மாறி விழும். அது அவளுக்குத் தெரியாது. யாரும் வந்து சொன்னதுமில்லை.

பக்கத்து மேஜை ஹாஜியா ரக்கியாவுடையது. ஹஜ் போய் வந்ததால் ஹாஜியா; வீடு முஸ்லிம்கள் குடியிருக்கும் சோங்கோவில். பழங்காலத்து மணிகளும், வடக்கே நைஜர் தட்டார்கள் அடித்த வெள்ளி மோதிரங்களும், தோல் காப்புகளும் விற்பவள். லாக்கோவைவிட நாலு வயது மூத்தவள். இரண்டு பேருக்கும் பதினாறு வருடமாக வாய்ச்சண்டைதான்.

"நேத்து யாரோ பீர் குடிச்ச பாட்டில், இன்னைக்கு உன் கடையில கழுத்து மாலை" என்பாள் ரக்கியா.

"என்னுது பீர் பாட்டில்தான். உன்னுதெல்லாம் செத்தவங்க கழுத்துலேருந்து கழட்டினது. ராத்திரி தூக்கம் வருதாடி உனக்கு?" என்பாள் லாக்கோ.

அப்புறம் ரக்கியா கொண்டுவந்த, பீன்ஸ் போட்டு வேகவைத்த வாச்சே சோற்றை இரண்டு பேரும் ஒரே இலையில் பங்கு போட்டுத் தின்பார்கள். பீன்ஸ் அதிகம் உன் பக்கம் போய்விட்டது என்று அதற்கும் ஒரு சண்டை.

ஒரு வியாழக்கிழமை செர்வா என்ற பெண் வந்தாள். அவள் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. சனிக்கிழமை எட்டாம் நாள், பெயர் வைக்கிறார்கள். தாய்க்கு ஒரு மாலை, இரண்டு வளை, ஒரு இடுப்பு மணி வேண்டும், எல்லாம் வெள்ளையும் கருநீலமுமாக வேண்டும், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரம் ஒழுகியது. லாக்கோ கிண்ணங்களை அள்ளி மேஜைக்கடியில் தள்ளினாள். மழை விட்டதும் அவசரமாக எடுத்து மேலே வைத்தாள். வெள்ளையின் குளிர்ந்த வழவழப்பு அவள் விரலுக்குத் தெரியும், அதனால் வெள்ளை சரியான இடத்துக்கு வந்துவிட்டது. மற்றவை ஒரே அச்சு, ஒரே சூளை. இரண்டாவதாக வந்து உட்கார்ந்தது கறுப்பு.

அவள் பாட்டுக்குக் கோத்தாள். முடித்ததும் காகிதத்தில் பொதிந்து, "செர்வா வந்தா குடுத்துடு" என்று ரக்கியாவிடம் தந்துவிட்டு, கிண்ணங்களை வழக்கம்போல அங்கேயே மூடி வைத்து, கிளம்பவிருந்த வேனில் ஏறிவிட்டாள்.

வயதாகி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தவருக்கு நன்றி சொல்லும் நாளில்தான் அந்தப் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையும் சேர்த்துப் போடுவார்கள். பச்சைக் குழந்தைக்காரிக்கு அதை அனுப்பினால் அதைவிடப் பெரிய சாபம் வேறு வேண்டாம்.

அடுத்த வியாழன் செர்வா சிரித்த முகத்தோடு வந்தாள்.

"ஆன்ட்டி லாக்கோ, எல்லாரும் உங்க மணியைத்தான் கேட்டாங்க. வெள்ளையும் நீலமும் அக்காவுக்கு அப்படி எடுப்பா இருந்துச்சு. இந்த வளை மட்டும் கொஞ்சம் லூஸு. ரெண்டு மணி எடுத்துட்டுக் கட்டித் தர்றீங்களா?"

லாக்கோ வளையை வாங்கினாள். அவிழ்க்க முடிச்சைத் தேடிய விரல் அப்படியே நின்றது. அவள் மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை லைட்டரால் பொசுக்கி, விரலால் அழுத்திவிடுவாள். கடுகு மாதிரி ஒரு புடைப்புத்தான் இருக்கும். இதில் நூல் இரண்டு மீசையாக நீட்டிக்கொண்டிருந்தது. பல்லால் கடித்து அறுத்த நூல். அந்தச் சந்தையில் நூலைப் பல்லால் அறுக்கிறவள் ஒருத்திதான்.

வளையைச் சரிசெய்து கொடுத்து செர்வாவை அனுப்பினாள். பிறகு ரக்கியா பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"நான் கோத்ததை ஏன்டி அவுத்தே?"

"கறுப்பும் வெள்ளையும் கோத்து வச்சிருந்தே. பிள்ளை பெத்தவளை எழவு வீட்டுக்கு அனுப்பவா? உன் நீலக் கிண்ணத்துலேருந்துதான் எடுத்தேன். என் சரக்கு ஒண்ணும் போடல, பயப்படாதே."

அந்தப் பொதி அப்படியே போயிருந்தால்?

"எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?"

"உன் கண்ணா? ஈத் பெருநாளுக்கு முன்னாடியிருந்தே தெரியும். புது முக்காடு போட்டுட்டு வந்தேன். பச்சை உனக்கு நல்லாயிருக்குன்னே. அது சிவப்புடி."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். ஊர்க் கதை பூரா பேசுறவ, இதை மட்டும் முழுங்கிட்டே." ரக்கியா நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "திங்கக்கிழமை ஆஸ்பத்திரி. நானும் வர்றேன். ஒரு கண்ணை முதல்ல பண்ணட்டும்."

"அந்தக் கண்ணும் போச்சுன்னா?"

"போனா நான் நிறம் சொல்றேன், நீ கோத்துக்கோ. உன் வாய் போகாத வரைக்கும் உன் வியாபாரம் போகாது."

லாக்கோ அழுதாள். சந்தை நடுவில், வாடிக்கையாளர்கள் பார்க்க, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். எத்தனையோ மாதமாகத் தனியாகச் சுமந்த பயத்தை இன்னொருத்தி பாதி தூக்கிக்கொண்டால் அழுகைதான் வரும்.

திங்கட்கிழமை போனார்கள். தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதியில் கத்தி வைத்தார்கள். லாக்கோ பயந்தது எதுவும் நடக்கவில்லை. மகளுக்கு விஷயம் தெரிந்து, போனிலேயே ஒரு மணி நேரம் திட்டினாள். திட்டு வாங்குவது கூட லாக்கோவுக்கு இனித்தது. இரண்டு வியாழன் அவள் சந்தைக்கு வரவில்லை. வராதவள் மேஜைச் சரக்கை முதலில் விற்றுவிட்டு அப்புறம்தான் தன் கடையை விரிப்பது அந்தச் சந்தையின் வழக்கம். ரக்கியா அதில் ஒரு குறை வைக்கவில்லை, பீர் பாட்டில் கிண்டலை மட்டும் வாங்க வந்தவர்களிடம் விடாமல் சொன்னாளாம்.

மூன்றாவது வியாழன் லாக்கோ வந்தாள். கிண்ணங்களைப் பார்த்தாள். நீலம் நீலமாக இருந்தது. கடவுளே உனக்குப் புண்ணியம் என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகு பக்கத்து மேஜையைப் பார்த்தாள்.

"என்னடி ஹாஜியா, இப்படிக் கிழவியாயிட்டே?"

"உன்னை யாரு என்னைப் பார்க்கச் சொன்னது?" என்று ரக்கியா முக்காட்டை இழுத்துவிட்டாள். இழுத்ததில் கை வெளியே வந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மணி வளைகள். பழைய மணி இல்லை. டெய்யேயின் மணிகள். ஒன்றில் நீல வரிசை நடுவே ஒரு கறுப்பு. இன்னொன்றில் பச்சைக்கு நடுவே ஒரு சிவப்பு. எல்லாவற்றிலும் கடுகு முடிச்சு.

"இதெல்லாம் யாரு உனக்கு வித்தது?"

"நீதான். எங்க தெருப் பொண்ணுங்களை அனுப்பி வாங்கினேன். அப்படியே மேஜையில கிடந்தா யாராவது பார்த்துட மாட்டாங்களா?"

"கழட்டிக் குடு. சரியாக் கோத்துத் தர்றேன்."

"தொடாதே. காசு குடுத்து வாங்கினது."

லாக்கோ ரக்கியாவின் கையைப் பிடித்து, தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது அக்ராவிலிருந்து வந்த ஒரு பெண் மேஜை முன்னால் நின்றாள். ரக்கியாவின் கையையே பார்த்தாள்.

"ஆன்ட்டி, நடுவுல ஒண்ணே ஒண்ணு மாறி வருதே, அது மாதிரி எனக்கு ஒரு வளை வேணும்."

"அது இல்லம்மா" என்றாள் லாக்கோ. "இனிமே அப்படிக் கோக்க எனக்கு வராது."