நகல் முடிந்தது

வரி வரியாக, உதட்டை அசைத்தபடி படித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. திரையில் ஓடுவது சுவையான கதையொன்றுமில்லை. ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்களை ஒரு புரோகிராம் இன்னொரு டிஸ்கில் நகலெடுக்கும்போது முணுமுணுக்கும் வரிகள். "என்ன சொல்ற நீ? திருப்பிச் சொல்லு" என்று திரையைக் கேட்டுவிட்டு மறுபடி ஓட்டுகிறார்.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ளும் அவருக்கு அங்கே 'சர்வர்க்காரர்' என்று பெயர். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் ஸ்வெட்டரோடுதான் நடமாடுவார். அவர் அறையின் குளிர் அப்படி. மனிதர்களிடம் நாலு வார்த்தை பேசினால் காசு கேட்பார்களோ என்பதுபோல் ஒதுங்கிப் போவார். இயந்திரங்களோடு மட்டும் ஓயாத பேச்சு.

இப்படி வரி விடாமல் படிப்பது புதிதாக வந்த பழக்கம். முன்பு அந்தப் புரோகிராமை ஓட்ட அவரே ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்னக் கட்டளைப் பட்டியல், எழுதியிருந்தார். புரோகிராம் எதற்கெடுத்தாலும் குறை சொல்லும். குறைகள் மெயிலில் வந்து குவியும். "தொணதொணன்னு உயிரை வாங்குது" என்று, குறை வரிகள் மட்டும் எங்கும் போய்ச் சேராதபடி வாயை அடைத்துவிட்டார். கடைசியில் 'நகல் முடிந்தது' என்று ஒரு வரி வரும். அதை எழுதியது அவர்தான். நகல் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது வரும். டிஸ்க் நிறைந்து, இடமில்லை என்று புரோகிராம் மாதக்கணக்கில் கத்தியது யார் காதிலும் விழவில்லை. பிறகு ஒருநாள், மூலப் படங்கள் இருந்த டிஸ்க் படுத்துவிட்டது.

அதோடு அழிந்துபோன படங்களில் ஒன்று, நுரையீரலில் புள்ளி இருக்கும் ஒரு டீச்சரம்மாவுடையது. புள்ளி வளர்ந்திருக்கிறதா என்று சொல்லப் பழைய படம் வேண்டும் என்கிறார் டாக்டர். இல்லாவிட்டால் சில மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை அந்த அம்மாள் எப்படித் தூங்குவார்? இயந்திரக் கோளாறு என்று ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. சர்வர்க்காரரும் வாயைத் திறக்கவில்லை. அவருக்குச் சோறு இறங்குவதில்லை என்பது மனைவிக்கு மட்டும் தெரியும்.

இன்று டீச்சரம்மாவே அறைக்கு வந்துவிட்டார். படம் கிடைத்ததா என்று கேட்டார். இல்லையென்றதும், "பரவாயில்ல தம்பி. மெஷின் கெட்டா நீங்க என்ன பண்ணுவீங்க" என்று இவருக்கே ஆறுதல் சொன்னார்.

"மெஷின் சொல்லிச்சும்மா. நான்தான் கேக்காம அதோட வாயை அடைச்சு வெச்சிருந்தேன்."

டீச்சரம்மா கையிலிருந்த ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அறையில் இருப்பது ஒரே நாற்காலி. அதை அந்த அம்மாள் பக்கமாகத் தள்ளிவிட்டு, இவர் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.