அக்காவிடம் யாரும் சொல்லவில்லை

என் மாணவி காவ்யாவுக்குக் கண் தெரியாது, காதும் கேட்காது. உள்ளங்கையில் தொட்டுத் தொட்டுத்தான் பாடம் சொல்கிறேன். இன்று காலை அவள் அப்பா இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுத் திண்டிவனத்துக்கு ஓடினேன்.

“அதுக்கு என்னா டீச்சர் தெரியப் போவுது? உள்ளயே இருக்கட்டும் வுடுங்க,” என்றார் அவள் அத்தை.

இதே வார்த்தையைச் சின்ன வயதில் வானூரில் கேட்டிருக்கிறேன்.

என் அக்கா செல்வியும் காவ்யாவைப் போலத்தான். கொத்தனார் வேலை முடிந்து வரும் அப்பா, சிமெண்டு வாசத்தோடு குனிந்து, அவள் கையைத் தன் தாடிமுள்ளில் தேய்ப்பார். அவள் முகவாயைச் சொறிந்தால் அது ‘அப்பா’ என்று அர்த்தம். சாரத்திலிருந்து விழுந்து அப்பா செத்த அன்று, சொந்தக்காரர்கள் அவளை உள்ளறையில் பூட்டிவைத்தார்கள். அப்புறம் சாயங்காலமானால் வாசலில் நின்று முகவாயைச் சொறிந்துகொண்டே இருப்பாள்.

தாங்கமாட்டாமல் அம்மா ஒருநாள் அவளை அப்பாவைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிப்போனாள். அக்காவின் முகவாயைச் சொறிந்துவிட்டு, அவள் கையை எடுத்து மண்மேட்டில் வைத்தாள். அக்கா இரண்டு கையாலும் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தாள்.

“வேணாம்டி, அப்பா வரமாட்டாருடி!” என்று அம்மா கதறினாள். அது அக்காவுக்கு எப்படிக் கேட்கும்?

“அவ அப்பாவ அவ தொட்டுப் பாக்கட்டும்ங்க,” என்று அத்தையிடம் சொல்லி, காவ்யாவைக் கூடத்துக்கு அழைத்துவந்தேன். அப்பாவின் நெற்றியை, மூக்கை, உதட்டை மெதுவாகத் தடவினாள். சில்லிட்ட கன்னத்தில் கை நின்றது. உடனே தன் துப்பட்டாவை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டாள்.

அவள் உள்ளங்கையை விரித்து, நான் சொல்ல ஆரம்பித்தேன்.